இரத்தக் குழாய்க்குள் பொருத்தும் கருவிகளை வடிவமைக்கும் பொறியாளர் வேலை: பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதயக் குழாய் ஸ்டென்ட் (அடைத்த இரத்தக் குழாயை விரித்துத் தாங்கும் சிறு வலைக்குழாய்), கால் குழாய் ஸ்டென்ட், மகாதமனி வீக்கத்துக்கு உள்ளே வைக்கும் துணி உறையிட்ட ஸ்டென்ட் கிராஃப்ட், காலிலிருந்து நுரையீரலுக்கு ஏறும் இரத்தக் கட்டியைப் பிடிக்கும் வடிகட்டி, கத்தீட்டர் என்ற மெல்லிய நெளிகுழல் வழியாகப் பொருத்தும் இதய வால்வு. இந்தக் கருவிகளைச் செய்யும் துறைக்கு வர நினைக்கும் மாணவர்களும், பாயான் லெப்பாஸ் எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளிலிருந்து மாற விரும்புபவர்களும், பிள்ளைகளுக்காக விசாரிக்கும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவை கீழே உள்ளன.

பயோமெடிக்கல் இன்ஜினியர் என்றால் ஆஸ்பத்திரியில் மெஷின் பழுதுபார்ப்பவர்தானே?

அதுவும் நல்ல வேலைதான், ஆனால் வேறு வேலை. இங்கே பேசுவது உடலுக்குள் போய் அங்கேயே தங்கிவிடும் பொருளை உருவாக்குவது பற்றி. கெட்டுப்போனால் கழற்றிச் சரிபார்க்க முடியாது. இந்தத் துறையின் பாதி விதிகள் இந்த ஒரு காரணத்தால் வந்தவை.

அப்படியானால் எந்தப் படிப்பு?

ஸ்டென்ட் பக்கம் போக வேண்டுமானால் மெக்கானிக்கல், மெட்டீரியல்ஸ் இரண்டும் முதல் தேர்வு. பயோமெடிக்கல் படிப்பும் பொருந்தும். ஆனால் பாடத்திட்டத்தில் பொருட்களின் வலிமை, உலோகவியல், புள்ளியியல் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சேருங்கள். மின்னணு, சிக்னல் பாடங்களே அதிகம் என்றால் பேஸ்மேக்கர் பக்கம் பொருந்துமே தவிர ஸ்டென்ட் பக்கம் சிரமம். நிபோங் திபாலில் உள்ள அறிவியல் மலேசியப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் செபராங் பிறைக்காரர்களுக்கு வீட்டுக்குப் பக்கம். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பயோமெடிக்கல் பொறியியல் துறை இருக்கிறது. எஸ்பிஎம் பள்ளித் தேர்வில் கூடுதல் கணிதமும் இயற்பியலும் விட்டுப்போனால் பிறகு பிடிப்பது கடினம். உயிரியல் எடுக்காதது பெரிய குறை அல்ல. இரத்தக் குழாய் பற்றித் தெரிய வேண்டியதை வேலையில் கற்றுக்கொள்ளலாம்.

பினாங்கில் உண்மையிலேயே வடிவமைக்கிறார்களா, தயாரிப்பு மட்டும்தானா?

பெரும்பகுதி தயாரிப்புதான். பாயான் லெப்பாஸ் சுதந்திரத் தொழில்பேட்டை 1972-இல் தொடங்கியது, மருத்துவக் கருவி நிறுவனமான பி. பிரவுன் அதே ஆண்டு பினாங்குக்கு வந்தது. பிறகு அபோட், பாஸ்டன் சயன்டிஃபிக் போன்றவை வந்தன. ஒருகாலத்தில் தோட்டமாக இருந்த பத்து காவானில் இன்று வரிசையாக மருத்துவக் கருவி ஆலைகள். ஆனால் புதிய ஸ்டென்ட்டின் முதல் வரைபடம் பெரும்பாலும் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோதான் போடப்படுகிறது.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். கார் கதவில் வடிவமைப்பையும் தயாரிப்பையும் பிரித்து வைக்கலாம். ஸ்டென்ட்டில் அது நடக்காது. ஸ்டென்ட் வலைக் கம்பியின் கடைசி அகலத்தை முடிவுசெய்வது அமிலத் தொட்டி. எந்த வெப்பநிலையில் விரியும் என்பதை முடிவுசெய்வது உலை. வரைபடம் சொல்வது ஆசை, உடலுக்குள் போவது தொட்டியும் உலையும் கொடுத்தது. ஆகவே தயாரிப்பு முறையைக் கவனிக்கும் பிராசஸ் இன்ஜினியராக மூன்று நான்கு வருடம் இருந்தவர் வடிவமைப்புக்குப் போனால், நேராக வரைபட மேசைக்குப் போனவரைவிடத் தெளிவாக முடிவெடுப்பார். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஒரு ஸ்டென்ட் எப்படி உருவாகிறது? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

முதலில் உலோகக் குழாய். பலூனால் விரியும் இதய ஸ்டென்ட்டுக்குப் பழைய காலத்தில் 316எல் துருப்பிடிக்கா எஃகு. இப்போது எல்605 போன்ற கோபால்ட்-குரோமியம். தானாக விரியும் கால் ஸ்டென்ட்டுக்கு நிட்டினால், அதாவது நிக்கலும் டைட்டேனியமும் ஏறத்தாழச் சம அணு எண்ணிக்கையில் சேர்ந்த கலவை. குழாய் வந்ததும் சுவர்த் தடிமன், விட்டம், மேற்பரப்புக் கீறல் எல்லாம் அளக்கப்படும். குழாயில் இருக்கும் கீறல் பாலிஷில் போய்விடும் என்று நம்பி உள்ளே விடுபவர் பிறகு வருந்துவார்.

அடுத்து லேசர் வெட்டு. குழாயைச் சுழற்றியும் நகர்த்தியும் கோலம்போல் வலையை வெட்டுவார்கள். சாதாரண ஃபைபர் லேசர் வெட்டிய ஓரத்தில் உருகி உறைந்த படலமும், சூட்டால் குணம் மாறிய ஒரு மெல்லிய பகுதியும் இருக்கும். ஃபெம்டோசெகண்ட் லேசரில் இது மிகக் குறைவு, ஆனால் இயந்திரம் விலை அதிகம். வெட்டி முடித்ததும் நடுவில் சிக்கிய துண்டுகளை அகற்றி, உள்பக்கம் தேய்த்து, அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவுவார்கள்.

நிட்டினாலுக்கு இதற்குப் பிறகு ஷேப் செட்டிங், அதாவது விரிந்த வடிவத்தை உலோகத்தில் பதிய வைப்பது. சிறிய குழாயாக வெட்டியதை, விட்டம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும் உருளைகளில் ஏற்றி, ஒவ்வொரு கட்டத்திலும் சுமார் 500 டிகிரி செல்சியஸில் சில நிமிடம் வைத்து, உடனே தண்ணீரில் அமிழ்த்துவார்கள். கட்டங்களைக் குறைத்து நேரம் மிச்சப்படுத்தப் பார்த்தால் கம்பியின் வளைவில் வெடிப்பு விழும்.

பிறகு எலக்ட்ரோபாலிஷ். அமிலத்தில் மின்சாரம் பாய்ச்சி மேற்பரப்பைக் கரைப்பது. ஒரு பக்கத்துக்கு 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு) கரையும் என்றால், முடிவில் 80 மைக்ரான் அகலம் வேண்டுமென்றால் 100-க்கு வெட்ட வேண்டும். அமிலம் பழசானாலோ, மின்தொடுப்பு சரியில்லாமல் போனாலோ ஒரு முனை மெலிந்து மறு முனை தடித்துவிடும். இது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கணக்கில் தெரியும்: வளையும் கம்பியின் விறைப்பு அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 80 மைக்ரான் 76 ஆகிவிட்டால், அதாவது 5 விழுக்காடு குறைந்தால், விறைப்பு சுமார் 14 விழுக்காடு போய்விடும். குழாயைத் தாங்கிப் பிடிக்கும் பலமும் அதோடு போகும்.

அதற்குப் பிறகு பாசிவேஷன் (மேற்பரப்பில் துருத் தடுக்கும் படலம் உருவாக்குவது), மருந்துப் பூச்சு இருந்தால் பூச்சு, பலூன்மேல் கிரிம்ப் செய்வது (சுருக்கி இறுக்குவது), கத்தீட்டர் பொருத்துவது, பொதி, கிருமிநீக்கம். பூச்சு சில மைக்ரான்தான். வளைவின் உட்பக்கத்தில் தேங்கினால் பக்கத்துக் கம்பியோடு பாலம்போல் ஒட்டிக்கொள்ளும், விரியும்போது பிய்ந்து துணுக்காகும். கிரிம்ப் தளர்வாக இருந்தால் வளைந்த குழாயில் தள்ளும்போது ஸ்டென்ட் பலூனிலிருந்து நழுவும். இறுக்கினால் பலூன் மடிப்பில் கம்பி பதிந்து ஊசித்துளை விழும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஜன்னல் சின்னது. அதைக் கண்டுபிடிக்கச் சில வாரம் ஆகும்.

நிட்டினால் ஏன் எல்லோரையும் இப்படி வாட்டுகிறது?

வெப்பநிலை. நிட்டினால் பதிந்த வடிவத்துக்குத் திரும்பும் ஆஸ்டெனைட் நிலைக்கு முழுதாக மாறி முடியும் வெப்பநிலையை ஏ-எஃப் என்பார்கள். அது உடல் சூடான 37 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் உள்ளே போனதும் முழுதாக விரியும். அதற்காக மிகக் கீழே இறக்கினால் ஸ்டென்ட் குழாய்ச் சுவரை அதிகமாக அழுத்தும், அதைச் சுருக்கி வைத்திருக்கும் கூட்டிலிருந்து வெளியே தள்ளவும் பலம் வேண்டும். சிக்கல் என்னவென்றால், உலையில் ஒவ்வொரு கூடுதல் நிமிடமும் நிக்கல் அதிகமுள்ள நுண்படிவை உருவாக்கி ஏ-எஃப்பை நகர்த்தும். ஆகவே உலையின் நடுவில் வைத்த லாட்டும் (ஒரே தொகுதியாகச் செய்தவை) கதவருகில் வைத்த லாட்டும் ஒன்றல்ல. புதிதாக வருபவருக்கு நாங்கள் சொல்வது: உலையின் காட்சித்திரையில் வரும் எண்ணை நம்பாதீர்கள், உருளையில் தெர்மோகப்பிள் என்ற வெப்ப உணரியை ஒட்டி அளந்து பாருங்கள்.

இன்னொன்று மேற்பரப்பு. சூட்டில் உருவாகும் தடித்த ஆக்சைடு பார்க்க அழகான நீலமாகவோ பொன்னிறமாகவோ இருக்கும். ஆனால் அதனடியில் நிக்கல் செறிந்த அடுக்கு இருக்கலாம். அது துருப்பிடிக்கவும் நிக்கல் கசியவும் வழி. எலக்ட்ரோபாலிஷ் இதை நீக்கி, மெல்லிய டைட்டேனியம் ஆக்சைடை விட்டுச்செல்லும். ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் எஃப்2129 சோதனையில் 37 டிகிரி உப்புக்கரைசலில் மின்னழுத்தத்தை ஏற்றி எப்போது குழி விழுகிறது என்று பார்ப்பார்கள். ஒரே லாட்டில் ஒன்று 900 மில்லிவோல்ட் தாண்டியும் இன்னொன்று 300-இலேயே விழுந்தும் போனால், சராசரி போட்டுத் திருப்தி அடையாதீர்கள். விழுந்ததை மைக்ராஸ்கோப்பில் வையுங்கள். கலவைத் துகளோ, பாலிஷின்போது பிடித்த இடத்தின் தடமோ இருக்கும்.

ஸ்டென்ட் 400 மில்லியன் துடிப்பைத் தாங்குகிறதா என்று சோதிக்க வேண்டும் என்கிறார்களே, அந்த எண் எங்கிருந்து வந்தது?

நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 37.8 மில்லியன். பத்து ஆண்டுக்கு 378 மில்லியன்; அதை 380 அல்லது 400 என்று முழுமையாக்கிக்கொள்கிறார்கள். ஏஎஸ்டிஎம் எஃப்2477 முறையில், மென்மையான குழாய்க்குள் ஸ்டென்ட்டை விரித்து, 37 டிகிரி உப்புக்கரைசலில் அழுத்தத்தைத் துடிக்க விடுவார்கள். நொடிக்கு 60 துடிப்பில் ஓட்டினால் 400 மில்லியனுக்கு 77 நாள்.

இயந்திரம் ஓடுகிறது என்பதும் ஸ்டென்ட் துடிக்கிறது என்பதும் வெவ்வேறு. வேகம் கூடினால் குழாய் பின்தங்கி, விட்ட மாற்றம் குறைந்துவிடும். உள்ளே காற்றுக்குமிழி இருந்தாலும் அதே கதை. அதனால் லேசர் அளவியால் விட்ட மாற்றத்தை அடிக்கடி பதிவுசெய்ய வேண்டும். 77-ஆவது நாளில் உடைவே இல்லை என்று மகிழ்ந்து, பதிவைப் பார்த்தால் 40-ஆவது நாளிலிருந்து ஸ்டென்ட் பாதிதான் அசைந்திருக்கிறது என்று தெரிந்தால், மூன்று மாதமும் வீண்.

தொடைக் குழாயில் வைக்கும் ஸ்டென்ட்டுக்குத் துடிப்பைவிட நடைதான் எதிரி. முழங்கால் மடங்கும்போது குழாய் வளையும், சுருங்கும், முறுகும். நடைக்கு ஆண்டுக்கு 1 மில்லியன் சுழற்சி என்று கணக்கு வைப்பது வழக்கம். முதல் தலைமுறைத் தொடை ஸ்டென்ட்டுகளில் உடைவுகள் தெரிந்த பிறகே இந்தச் சோதனைகள் தீவிரமாயின. இரத்தக் கட்டியைப் பிடிக்கும் வீனா கேவா (பெருஞ்சிரை) வடிகட்டிகளிலும் வடிகட்டியின் கால் உடைதல், இடம் நகர்தல் போன்ற புகார்கள் சேர்ந்ததால், தேவை முடிந்ததும் அகற்றக்கூடியவற்றை அகற்றிவிடுங்கள் என்று அமெரிக்காவின் மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2010-இல் அறிவுறுத்தியது.

கணினியில் கணக்குப் போட்டால் போதாதா?

போதாது, ஆனால் இல்லாமலும் முடியாது. அபாகஸ், ஆன்சிஸ் போன்ற மென்பொருளில் வெட்டு, விரிப்பு, சுருக்கம், குழாய்க்குள் வைப்பு, துடிப்பு என்று வரிசையாக ஓட்டுவார்கள். நிட்டினாலில் ஒவ்வொரு துடிப்பிலும் மாறும் திரிபு (இழுபடும் அளவு) சுமார் 0.4 விழுக்காட்டைத் தாண்டினால், திரும்பத் திரும்ப அசைவதால் வரும் சோர்வு உடைவுக்கு வாய்ப்பு கூடும் என்பது பெரும்பாலோர் தொடங்கும் புள்ளி. அந்த எண்ணை மற்றவர் ஆய்விலிருந்து எடுத்து அறிக்கையில் ஒட்டினால் போதாது. உங்கள் குழாய், உங்கள் உலை, உங்கள் பாலிஷில் செய்த மாதிரிகளை உடைத்துப் பெற்ற எண் வேண்டும். கோலத்தைவிட அதில் பூசிய மாவு முக்கியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை மாதிரி சோதிக்க வேண்டும்?

நூற்றில் 90 ஆவது தேறும் (90 விழுக்காடு நம்பகம்) என்று 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்ல வேண்டும், சோதனையில் ஒன்றுகூடத் தோற்கக்கூடாது என்றால் 29. நம்பகம் 95 ஆனால் 59. 99 ஆனால் 299. எந்த எண் என்பதை ஆபத்து மதிப்பீடு சொல்ல வேண்டும், ஸ்டோரில் எத்தனை ஸ்டென்ட் மிச்சம் இருக்கிறது என்பது சொல்லக்கூடாது. ஆடிட்டர் முதலில் கேட்பதும் இதைத்தான்.

மெல்லிய கம்பி என்றால் எப்போதும் நல்லதா? கரையும் ஸ்டென்ட் என்ன ஆயிற்று?

மெல்லியது இரத்த ஓட்டத்தைக் குறைவாகக் குலைக்கும், திசு சீக்கிரம் மூடிக்கொள்ளும். சைஃபர் என்ற முதல் மருந்து ஸ்டென்ட் எஃகில் 140 மைக்ரான். பிறகு வந்த கோபால்ட்-குரோமியம் ஸையன்ஸ் 81. கரையும் ஸ்டென்ட் அப்சார்ப் பாலிலாக்டைடில் செய்தது, உலோகத்துக்கு நிகரான பலம் வேண்டி சுமார் 150 மைக்ரானுக்குப் போனது. 2016 ஜூலையில் எஃப்டிஏ அனுமதி பெற்றது, 2017 செப்டம்பரில் விற்பனை நிறுத்தப்பட்டது. இரத்த உறைவு உலோக ஸ்டென்ட்டைவிட அதிகமாக இருந்தது. யோசனை செத்துவிடவில்லை, மக்னீசியத்திலும் மெல்லிய பாலிமரிலும் தொடர்கிறது. ஆனால் நேர்முகத் தேர்வில் அதை எதிர்காலம் என்று முழங்க வேண்டாம்.

காகித வேலை அதிகமா?

அதிகம். மருத்துவர் சொல்லும் தேவையை அளக்கக்கூடிய எண்ணாக மாற்றுவதிலிருந்து தொடங்கும். “எளிதாகப் போக வேண்டும்” என்பது தேவை. “0.014 அங்குல வழிகாட்டிக் கம்பியில், குறிப்பிட்ட வளைவு மாதிரியில், தள்ளும் விசை இத்தனை நியூட்டனுக்குள்” என்பது உள்ளீடு. பிறகு வெளியீடு, சரிபார்ப்பு, செல்லுபடியாக்கம், ஆலைக்கு மாற்றம். இவை அனைத்தும் ஐஎஸ்ஓ 13485 தரமுறையில், ஆபத்துகள் ஐஎஸ்ஓ 14971-இல், உயிர்ப்பொருத்தம் ஐஎஸ்ஓ 10993-இல். ஸ்டென்ட்டுக்கே உரியது ஐஎஸ்ஓ 25539-2. அதை முழுதாக ஒருமுறை படித்துவிட்டு வந்தால் மற்ற விண்ணப்பதாரர்களிடமிருந்து நீங்கள் தனியாகத் தெரிவீர்கள்.

காலாவதி நாளுக்கும் காகிதம் உண்டு. பொதியை 55 டிகிரியில் வைத்து முதுமையாக்கினால், 25 டிகிரி சேமிப்புக்குக் கணக்கு எட்டு மடங்கு. ஓர் ஆண்டு 46 நாளில் முடியும். ஆனால் பாலிலாக்டைடு மென்மையாகும் புள்ளியும் ஏறத்தாழ அங்கேதான். அதை 55-இல் வைத்தால் முதுமை அல்ல, சிதைவுதான் கிடைக்கும்.

மலேசியச் சட்டம் இதில் எங்கே வருகிறது?

மருத்துவக் கருவிச் சட்டம் 2012, அதாவது சட்டம் 737. கருவிகள் ஏ முதல் டி வரை நான்கு வகுப்பு, டி-தான் ஆபத்து அதிகமானது. இதயத்தையோ மைய இரத்த ஓட்டத்தையோ நேராகத் தொடும் நிரந்தரக் கருவி டி வகுப்பு. இணக்க மதிப்பீட்டு அமைப்பு பார்த்த பிறகு மருத்துவக் கருவி ஆணையத்திடம் பதிவு. பதிவு ஐந்து ஆண்டுக்கு. ஏற்றுமதி செய்யும் ஆலையில் நாள்தோறும் கேட்பது எஃப்டிஏவும் ஐரோப்பிய விதி 2017/745-உம்தான்.

தூசு புகாத கிளீன்ரூமில் பொட்டு, விபூதி, தாலி பற்றி?

பொட்டும் விபூதியும் குங்குமமும் உள்ளே போக முடியாது. மேக்கப்போல் அவையும் துகள் உதிர்ப்பவை. வளையல், மோதிரம், பூ வேண்டாம். தாலிச் சங்கிலியை உடைக்குள் மறைத்து அணிய அனுமதிப்பது ஆலைக்கு ஆலை மாறும், சேரும் முன் கேட்டுவிடுங்கள். தோல் உரிந்தாலோ ஆறாத காயம் இருந்தாலோ மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். தைப்பூசத்தில் காவடி எடுத்த மறுநாளும் அப்படியே. தலையை மழித்துக்கொண்டால் சிக்கல் இல்லை.

மாட்டுத் திசு, பன்றித் திசு கையாள வேண்டியிருக்குமா?

உலோக ஸ்டென்ட்டில் இல்லை. இதய வால்வில் உண்டு. மாட்டின் அல்லது பன்றியின் பெரிகார்டியம் (இதய உறை), குளூட்டரால்டிஹைடில் பதப்படுத்தியது. பன்றியிலிருந்து வரும் ஹெப்பாரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) சில பூச்சுகளில் இருக்கும். இந்துவானாலும் முஸ்லிமானாலும் இதைச் சேரும் முன்பே மனிதவளத்திடம் நேராகக் கேட்பது முறைதான். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

டிப்ளோமா மட்டும் இருந்தால்?

டெக்னீஷியனாகத் தொடங்கலாம். கிரிம்ப் இயந்திரத்திலும் லேசரிலும் கைப்பழக்கம் உள்ளவர் சொல்வதைப் பொறியாளர்கள் கேட்பார்கள். பாயான் லெப்பாஸில் 1989 முதல் இயங்கும் பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தில் குறுகிய பயிற்சிகள் உண்டு. பிறகு வேலையோடு பட்டம்.

நேர்முகத் தேர்வில் என்ன கேட்பார்கள்?

சிபிகே (அளவுகள் வரம்புக்குள் எவ்வளவு நன்றாக அடங்குகின்றன என்று காட்டும் எண்) 1.33 என்றால் என்ன, அது எப்போது பொய் சொல்லும். அளக்கும் கருவியாலும் அளப்பவராலும் வரும் மாறுபாடு 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் ஏன் நல்லது, 30-ஐத் தாண்டினால் ஏன் அந்த அளவையை நம்பக்கூடாது. ஐக்யூ, ஓக்யூ, பீக்யூ (இயந்திரத்தை நிறுவியது, அதன் இயக்கம், அதன் செயல்திறன் ஆகியவற்றைச் சரிபார்க்கும் மூன்று கட்டங்கள்) வித்தியாசம். ஒரு லாட்டில் விட்டம் சரியாக இருந்தும் ஆரவிசை (ஸ்டென்ட் குழாய்ச் சுவரை வெளிப்புறம் தள்ளும் பலம்) குறைந்தால் எங்கே தேடுவீர்கள் என்று கேட்டால், அகலத்தை அளப்பேன், பிறகு ஏ-எஃப்பை அளப்பேன் என்று சொல்லுங்கள். “ஆபரேட்டரிடம் கேட்பேன்” என்பதும் நல்ல பதில்தான், உண்மையில் முதலில் சொல்ல வேண்டியதும் அதுவே.

வேலை கிடைத்துவிட்டது. ஒப்புக்கொள்ளும் முன் நான் என்ன கேட்க வேண்டும்?

வடிவமைப்பு மாற்றத்தில் கையொப்பம் பினாங்கில் விழுமா, வெளிநாட்டில் விழுமா? எலக்ட்ரோபாலிஷும் ஷேப் செட்டிங்கும் ஆலைக்குள்ளேயே இருக்கிறதா, வெளியே கொடுத்து வாங்குகிறார்களா? சோர்வுச் சோதனை இயந்திரம் இங்கேயே இருக்கிறதா? மூன்றுக்கும் “இங்கே” என்று பதில் வந்தால் பட்டர்வொர்த்திலிருந்து பாலம் கடந்து நெரிசலில் போய் வருவது தகும். மூன்றும் வெளியே என்றால், பதவிப் பெயரில் ‘டிசைன்’ என்று இருந்தாலும் நீங்கள் செய்யப்போவது ஆவண மாற்றம். சம்பளம் எவ்வளவு என்று மட்டும் பார்த்து முடிவெடுங்கள்.